பதினைந்தாம் நாள் உலை

இங்ரிட் வீட்டு உலைமானிக்கு ரசம் பிடிக்காது. புளித்தண்ணீரின் ஆவியைச் சமையல் என்று அது ஒப்புக்கொள்வதே இல்லை. சோறு, குழம்பு, ஏதாவது ஒரு தாளிப்பு என மூன்றும் மணத்தால்தான் பச்சை விளக்கைப் போடும். அதற்காகவே நான் தினமும் மதியம் இரண்டரை மணிக்கு அந்த வீட்டைத் திறந்து, பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு ஆளுக்கு உலை வைப்பேன்.

அந்த ஒரு ஆளும் நான்தான். சமைத்த கைதான் சாப்பிடவும் வேண்டும் என்பது விதி. அடுப்புக்கு மேலே சுவரில் பல்லிபோல ஒட்டிக்கொண்டிருக்கும் உலைமானி, என் கைரேகையையும் மணிக்கட்டு நரம்பையும் பார்த்து ஆளை உறுதிசெய்யும். பிறகு தட்டின் எடை குறைவதையும் நான் விழுங்குவதையும் குறித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் இந்தக் கெடுபிடி இல்லை. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆக்கிய சோற்றைத் தேரி மணலில் கொட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினார்கள். ஊர் நாய்கள் கொழுத்துத் திரிவதைப் பார்த்து யாரோ மேலிடத்துக்கு எழுதிப்போட்டார்கள். அதிலிருந்து சாப்பிட்டாக வேண்டும். ஒரு கைக்கு ஒரு வீடுதான் என்பதும் அப்போது வந்ததுதான்.

அன்று சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் லிங்கேஷ் இறந்து பதினைந்தாம் நாள். மறுநாள் பதினாறு. துக்க வீட்டுக்காரி ஊரார் வீட்டில் உலை வைக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தெருவிலும் கேட்டார்கள். அது இங்ரிட்டின் உலை. என் கை அவளுக்கு வருஷ ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்த கை. நான் போகாவிட்டால் அவள் வீடு போகும், அவள் வீடு போனால் என் வேலை போகும். மூன்றாம் நாளே போய்விட்டேன்.

இங்ரிட் நார்வேக்காரி. ஒன்பது வருஷத்தில் இரண்டு முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். எங்கள் ஊர் செந்தேரியில் விண்துறை வந்த புதிதில், ராக்கெட் கிளம்புவதை மாடியிலிருந்து பார்க்கலாம் என்று வாங்கிப் போட்டது. அவளைப்போலவே கொரியாக்காரர்கள், பிரேசில்காரர்கள், பேரே வாயில் நுழையாத ஊர்க்காரர்கள் எல்லாம் வாங்கினார்கள். யாரும் கழுத்தில் கத்தி வைத்து வாங்கவில்லை. நாங்கள் கேட்டதைவிடக் கூடுதலாகவே கொடுத்தார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டோம். நாலு தெரு கைமாறிய பிறகுதான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை என்பதும், பஸ் நிற்காமல் போகிறது என்பதும் எங்களுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் வசிப்புச் சட்டம். ஊர்ப்பேச்சில் அடுப்புச் சட்டம். வெளிநாட்டார் வீடு வாங்கலாம், ஆனால் அங்கே அடுப்பு எரிய வேண்டும். தொடர்ந்து பதினான்கு நாள் எரியாவிட்டால் வீடு வசிப்பு ஏலத்துக்குப் போய்விடும். சட்டம் எழுதியவர்கள் நல்லவர்கள்தான். விளக்குப் போட மெஷின் வைக்கலாம், தோட்டத்துக்குத் தண்ணீர் விட மெஷின் வைக்கலாம், சோறு தின்ன மனுஷன் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். மனுஷர் வந்தார்கள். சம்பளத்துக்கு வந்த நாங்கள்தான் அந்த மனுஷர்.

மூன்றே கால் மணிக்கு நான் சாப்பிட உட்கார்ந்தபோது ஜெபசிங் வாசலில் நின்றான். ஊராட்சியின் வசிப்பு அலுவலர். லிங்கேஷோடு ஒரே வகுப்பில் படித்தவன், பாடை தூக்கியவர்களில் ஒருவன். கையில் இருந்த பலகைத்திரையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தான்.

"சாப்ட்டு முடிங்க மதினி. அப்பறம் சொல்லுதேன்."

"என்னன்னு சொல்லேன்."

"முடிங்க. பாதியில எந்திரிச்சா இந்த வீட்டுக்கு இன்னைக்குக் கணக்கு விழாது."

இரண்டு வாய் அள்ளிப் போட்டு, தண்ணீரைக் குடித்து விழுங்கினேன். பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். எங்கள் வீட்டு முகவரி. கீழே சிவப்பில் இரண்டு மணி நாற்பத்தாறு நிமிஷம் என்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நாற்பத்தைந்தானது. அதற்கும் கீழே 'ஏலத்துக்குக் காத்திருப்போர் 214' என்று இருந்தது.

"நாங்க என்ன வெளிநாட்டுக்காரங்களா ஜெபசிங்கு?"

"போன மாசத்துலேருந்து எல்லாருக்கும்தானே மதினி. நீங்களும் கூட்டத்துக்கு வந்தியளே."

வந்தேன். மறக்கவில்லை. வெளிநாட்டு வீட்டுக்காரர்கள் ஒன்று சேர்ந்து சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனார்கள். எங்களுக்கு ஒரு சட்டம், உள்ளூர்க்காரருக்கு ஒரு சட்டமா என்று கேட்டார்கள். ஜெயித்தும்விட்டார்கள். சட்டத்தை எடுத்தால் நாலு தெருவும் திரும்ப இருட்டாகிவிடும் என்று, அரசாங்கம் அதை எல்லாருக்குமாக ஆக்கியது. அதற்குத்தான் கருத்துக் கேட்புக் கூட்டம். நான் எழுந்து நின்று, "அடுப்பு எரியாத வீடு எங்க ஊர்ல கெடையாது சார், தாராளமாப் போடுங்க" என்று சொன்னேன். நல்ல கைதட்டல்.

யார் யாருக்கு விலக்கு என்று ஒரு பட்டியல் வாசித்தார்கள். வெள்ளம், புயல், ஆஸ்பத்திரி, வீட்டு மராமத்து. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று அந்த அதிகாரி மூன்று தடவை கேட்டார். எனக்குத் துக்க வீடு ஞாபகம் வந்தது. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம், எல்லாரும் வீடு நிலைக்க வேண்டும் என்று கூடியிருக்கிற இடம். அங்கே சாவுப் பேச்சை யார் எடுப்பார்கள்? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். வாயை அடக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கிய நானும் அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் சாவு விழுந்த வீட்டில் பதினாறு முடியும்வரை அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். சொந்தக்காரர்கள் வேளைக்கு வேளை சோறு கொண்டுவருவார்கள். பதினாறாம் நாள் அந்த வீட்டு அடுப்பில் வடிக்கும் முதல் சோறு செத்தவருக்கு. அவருக்குப் படைத்த பிறகுதான் வீட்டார் வாய் வைக்கலாம். பதினான்கு நாள் முன்னால், இதேபோல் ஒரு சனிக்கிழமை, என் மாமியார் சாளை மீன் குழம்பை இறக்கி அடுப்பை அணைத்தபோது மணி ஆறு பத்து. ஆறரைக்கு பஸ் டிரைவர் போன் செய்தார். விண்துறையில் வேலை முடிந்து ஏறிய லிங்கேஷ், கடைசி நிறுத்தத்தில் எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.

"இன்னைக்கு ஆறு பத்தோட பதினாலு நாள் முழுசா முடியுது" என்றான் ஜெபசிங். "பெரியம்மா போனுக்குப் பதினோரு தடவ தாக்கீது போயிருக்கு. பாக்கலியா?"

என் மாமியாரின் போன் பீரோவுக்குள் கிடந்தது. மகன் இனிமேல் கூப்பிடப்போவதில்லை என்று அவளே அணைத்து உள்ளே வைத்தது.

நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஓடினோம். வழியெல்லாம் சாத்திய ஜன்னல்கள், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தாளிப்பு வாசம். ஊரில் பதிவான கைகள் எல்லாம் அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய வீட்டில் வெந்துகொண்டிருந்தன. என் நாத்தனாரைக் கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவள் கை கொரியாக்காரருடையது. புதிதாக ஒரு கையைப் பதிவுசெய்ய மூன்று நாள் ஆகும். எங்கள் வீட்டுக்கு என்று இருந்தது ஒரே ஒரு கைதான், என் மாமியார் பிரம்மசக்தியின் கை.

அத்தை முன்னறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு வேண்டிய சாமான்களைப் பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு மறுபடியும் பருப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்தாள்.

"நாளைக்கு விடியக்கருக்கல்ல உலை வச்சிருதேன்."

"நாளைக்கு வீடு இருக்காது அத்த."

அவள் ஜெபசிங்கைப் பார்த்தாள். "ஏல, நீ அவங்கூடப் படிச்சவந்தானல. ஒரு நாளு தள்ளிப் போட்டுக்குடேன்."

"நான் பாக்கத்தான் முடியும் பெரியம்மா. தொட முடியாது. எழுதுறதெல்லாம் மெஷினு."

"அந்த மெஷினு வீட்டுல எழவு விழுந்தா அது என்ன செய்யும்?"

அவன் வாசல் பக்கம் திரும்பினான். வெளிவாசலில் மாட்டியிருந்த சின்னத் திரையில் எண்கள் குறைந்துகொண்டிருப்பது உள்ளே இருந்தே தெரிந்தது. காத்திருப்போர் 231 ஆகியிருந்தார்கள்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "இன்னைக்கே படைச்சிருவோம் அத்த. அவருக்கு வச்சிட்டு நீங்க ஒரு வா சாப்ட்டா போதும். ஒரு நாளு முந்துனா என்ன கொறஞ்சு போச்சு?"

"அவன் நாளைக்குத்தாம் வருவான்" என்றாள் அத்தை. குரலை உயர்த்தவில்லை. "இன்னைக்கு வச்சா யாருட்டி திம்பா?"

"வீடு போயிருமே."

"போனாப் போவட்டும். எம்புள்ள பசியோட போவப்படாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் எனக்கும் புருஷன். எனக்கும் துக்கம் உண்டு, அதை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். இந்த வீட்டுக்கு இரண்டு தடவை விலை வந்தது, இரண்டு தடவையும் லிங்கேஷ் வாங்க வந்தவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். தெருவில் விற்காமல் மிஞ்சியவை ஆறு வீடுகள், அதில் ஒன்று இது. இதுவும் போனால் இந்த வயதில் அத்தையைக் கூட்டிக்கொண்டு நான் எந்த ஊரில் போய் நிற்பேன்? இதையெல்லாம் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாற்பதுக்கு இங்ரிட்டைக் கூப்பிட்டேன். என் கையை ஒரே ஒரு மணி நேரம் விடுவித்தால் நானே இங்கே உலை வைத்துவிடுவேன். ஏற்கெனவே பதிவான கை என்பதால் அந்த மூன்று நாளும் வேண்டாம். எனக்கு அந்தப் பாவ புண்ணியம் பரவாயில்லை. முன்னறை நடுவில் போனை வைத்து, மொழிபெயர்ப்பைப் போட்டேன். இங்ரிட்டின் முகம் உடனே வந்தது. அவள் என்றைக்கும் என்னைக் காக்க வைத்ததில்லை. சொன்னதை எல்லாம் கவனமாகக் கேட்டாள். அவள் கண் கலங்கியது, அது நடிப்பில்லை.

"மிகவும் வருந்துகிறேன்" என்றது போன், அவள் வாயசைவுக்குக் கொஞ்சம் பிந்தி. "உங்கள் கையை விடுவிக்க எனக்குச் சம்மதம். ஆனால் முகவர் நிறுவனம் அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொள்கிறது. நான் இப்போதே விண்ணப்பித்தாலும் திங்கட்கிழமை ஆகிவிடும்."

"ரெண்டு நாளு எனக்கு இல்ல அம்மா."

"புரிகிறது." அவள் சற்று யோசித்தாள். "ஒருவேளை ஏலத்துக்கு வந்துவிட்டால் நீங்கள் கலங்க வேண்டாம். காத்திருப்போர் வரிசையில் நான்தான் முதலாவதாக இருக்கிறேன். காலையிலேயே பெயர் கொடுத்துவிட்டேன். தெரியாத யாரோ வாங்குவதைவிட நான் வாங்குவது நல்லது அல்லவா? நீங்கள் வெளியேற வேண்டியதில்லை. அதே வீட்டில் இருந்து சமைக்கலாம். உங்கள் மாமியாருடைய கையையும் நான் ஒப்பந்தம் செய்துகொள்கிறேன். அவருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்த பெரிய உதவி அதுதான். காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மதியம் அவள் வீட்டில் நான் சோறு தின்றுகொண்டிருந்தபோது எனக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரியாமல் இருக்கும் என்றே அவள் நினைத்திருக்க மாட்டாள். நன்றி சொல்லி வைத்துவிட்டேன். நன்றிதான் சொன்னேன், வேறென்ன சொல்ல முடியும்?

அத்தையின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

"என் கையையா கேட்டா?"

"ஆமா அத்த."

"இந்த வீட்டுல உலை வைக்க எனக்குச் சம்பளம் குடுப்பாளாமா?"

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள். எங்கே போகிறாள் என்று எங்கள் இருவருக்கும் முதலில் புரியவில்லை. சமையலறைக் கதவின் கொண்டி விழும் சத்தம் கேட்டது. இரண்டு வாரமாகச் சாத்திக் கிடந்த அறை. உள்ளே பழைய சாளைக் குழம்பு வாடை இன்னும் லேசாக இருந்தது.

மணி ஐந்து ஏழு. அத்தை அரிசியை அளக்கவில்லை, கையால் அள்ளிப் போட்டாள். ஹைட்ரஜன் அடுப்பின் சுவாலை பகலில் கண்ணுக்கே தெரியாது. பற்றிக்கொண்டதா என்று அவள் உள்ளங்கையை மேலே காட்டிப் பார்த்தாள். உலைமானி விழித்துக்கொண்டு அவள் மணிக்கட்டைத் தேடியது. "பிரம்மசக்தி, வீட்டு உரிமையாளர்" என்று அழகாகச் சொன்னது. நான் உதவிக்குக் கத்தியை எடுத்தேன். அது உடனே சிவப்பைக் காட்டியது. வேற்றுக் கை பட்டால் சமையல் செல்லாது. கத்தியை வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றேன்.

அவளே உள்ளி உரித்தாள், அவளே புளி கரைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், உள்ளி உரித்ததாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. ஐந்தரைக்குச் சோறு கொதித்தது. கடுகு வெடிக்க மறுத்தது, எண்ணெய் காயும்வரை பொறுக்காமல் அவள் முன்னாலேயே போட்டுவிட்டாள். நாற்பது வருஷம் சமைத்தவள் செய்கிற தப்பில்லை அது. மறுபடியும் முதலிலிருந்து தாளித்தாள். ஐந்து ஐம்பத்தொன்றுக்கு உலைமானி "சமையல் உறுதி, உண்ணவும்" என்றது.

ஜெபசிங் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். காத்திருப்போர் 260. பத்தொன்பது நிமிஷம்.

அத்தை தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். கை வாய்வரை போனது, வாய் திறக்கவில்லை. திரும்பவும் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது முறை வாய்க்குள் போய்விட்டது. ஆனால் விழுங்க முடியவில்லை, குமட்டிக்கொண்டு வந்து கையிலேயே துப்பினாள். "உண்ணவில்லை" என்றது உலைமானி. அதற்குப் பொறுமை அதிகம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லும்.

"வேண்டாம் அத்த, விட்ருங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் மனசறிந்துதான் சொன்னேன். வீடு போனால் போகிறது என்று எனக்கும் தோன்றிவிட்டது.

"நீ சும்மா கெட." அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த வெறும் தரையைப் பார்த்துப் பேசினாள். "ஏய்யா, அம்மாவுக்கு வேற வழி தெரியலய்யா. இன்னைக்கு ஒரு நாளு பொறுத்துக்கோ."

ஆறு மணி நாலு நிமிஷத்துக்கு அவள் முதல் கவளத்தை விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்தேன், உலைமானியும் பார்த்தது. இரண்டாவது, மூன்றாவது. ஆறு ஏழுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. வாசல் திரையில் இருந்த இருநூற்று அறுபது பேரும் ஒரே நொடியில் காணாமல் போனார்கள்.

ஜெபசிங் சுவரில் சாய்ந்துகொண்டான். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"எழுதிட்டியால?" என்று கேட்டாள் அத்தை.

"அதுவே எழுதிக்கிடும் பெரியம்மா."

"என்னன்னு எழுதியிருக்கு?"

அவன் வாசித்தான். "வசிப்பு உறுதி. உண்டவர் ஒருவர்."

"மவனுக்கு வைக்க வேண்டிய சோத்தத் தின்னான்னு அதுல இல்லியா?"

"இல்ல பெரியம்மா."

"சரி" என்றாள். அழவில்லை. தட்டில் இன்னும் சோறு இருந்தது. அவள் கை அதற்குள்ளேயே இருந்தது, எடுக்கவும் தெரியாமல் எழுந்திருக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மறுநாள் சொந்தக்காரர்கள் வருவார்கள், விஷயம் தெருவெல்லாம் தெரியத்தான் செய்யும். பெற்றவளே முந்திக்கொண்டாள் என்று ஒருத்தராவது சொல்லாமல் இருக்கமாட்டார்கள். பாவம் என்று ஒன்று உண்டானால் அதை அவள் ஒருத்தி தலையில் கட்ட எனக்கு மனமில்லை. அதே தட்டில் கை வைத்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். உப்பே இல்லை.

பதிவு முடிந்துவிட்டது, ஆனாலும் உலைமானி சிவப்பானது. "இது இந்த வீட்டுக் கை அல்ல" என்றது.

நான் இரண்டாவது கவளத்தைப் பிசைந்தேன். "இது இந்த வீட்டுக் கை அல்ல" என்று மறுபடியும் சொன்னது. அத்தை தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.